வெர்சாய் அரண்மனைச் சுவர்ப்பலகையை நம் ஊர் மரத்தில் செய்யும் முறை

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், நின்று அண்ணாந்து பார்த்தால், 90 வகைப் பூக்கள் செதுக்கிய மரக்கூரை தெரியும். அங்கே மரம் மரமாகவே நிற்கிறது. உளி பட்ட இடத்துக்கும் நம் கண்ணுக்கும் இடையில் வேறொன்றும் இல்லை. தக்கலையைச் சுற்றி மரவேலை பழகியவர்களுக்குச் செதுக்குவேலை என்றால் மனத்தில் முதலில் எழுவது அந்தக் கூரைதான். மார்த்தாண்ட வர்மா ஆண்ட 1729 முதல் 1758 வரையிலான காலத்தில் அந்த அரண்மனை பெரிதும் விரிவடைந்தது. அதே ஆண்டுகளில் பிரான்சில் பதினைந்தாம் லூயி மன்னராக இருந்தார். குளச்சல் போருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், அதாவது 1738இல், வெர்சாய் அரண்மனையில் அவருடைய தனியறைகளின் சுவர்களுக்கு ஓக் மரத்தில் செதுக்கிய பலகைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆனால் அங்கே செதுக்கிய மரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அது வெள்ளைப் பூச்சுக்குள்ளும் தங்க ரேக்கு என்ற மெல்லிய பொன்தாளுக்குள்ளும் மறைந்துவிடும்.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பிரெஞ்சு அரண்மனைச் செதுக்கின் முக்கால்வாசி புரிந்துவிடும். பிரெஞ்சில் ‘புவாஸ்ரி’ என்று அழைக்கப்படும் அந்தச் சுவர்ப்பலகை வேலை, தச்சர் தொடங்கி, செதுக்குபவர் தொடர்ந்து, பூச்சுக்காரரும் பொன்வேலைக்காரரும் முடித்துவைக்கும் ஒரே வேலை. நடுவில் இருக்கும் செதுக்குபவர், தமக்கு முன்னால் செய்தவரையும் பின்னால் செய்யப்போகிறவரையும் எண்ணியே உளியைப் பிடிக்க வேண்டும். இப்போது நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புதிதாகக் கட்டும் வீடுகளில், பைபரிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் வார்த்தெடுத்த வளைவுகளைச் சுவரில் ஒட்டித் தங்க நிற பெயிண்ட் அடித்து, அதைப் பிரெஞ்சு வேலை என்று சொல்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல உளிக்காரர்கள் இருக்கும் மாவட்டம் இது. ஒரே ஒரு பலகையையாவது முறைப்படி செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணியே விளக்குகிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்

வெர்சாய் அறைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் கண்ணைப் பறிப்பது தங்கம். அதை ஒதுக்கிவிட்டு, செதுக்காமல் விட்ட இடம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பலகையில், உச்சியில் ஒரு கொத்து, அடியில் ஒரு கொத்து, சிலவற்றில் நடுவில் ஒரு வட்டம். மற்றதெல்லாம் வழவழப்பான வெறும் வெளி. நம் தேர்ச் சிற்பங்களில் ஒரு விரல் இடம்கூட வீணாகாது. யாளி முடிந்த இடத்தில் கொடி தொடங்கும். அது தேருக்கு உரிய முறை, ஊர்வலத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் நிறைவு. அரண்மனை அறையிலோ எதிரே கண்ணாடி, பக்கத்தில் உயரமான சன்னல், இரவில் மெழுகுவத்தி. அந்த ஒளி வந்து படிவதற்கே வெற்றுவெளி வேண்டும். நம் கைக்கு மிகவும் கடினமான பாடம் இதுதான். செதுக்கத் தெரிந்த கை சும்மா இராது.

அடுத்து, ஆட்சிக்கு ஆட்சி மாறிய வடிவங்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். பதினான்காம் லூயி காலத்தில் நேர்கோடுகளும், இரு பக்கமும் ஒத்த அமைப்பும், சூரிய முகமும், பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகளும் வரும். பதினைந்தாம் லூயி காலத்தில் கோடுகள் வளைந்து சிப்பியாகவும் நீர்நுரையாகவும் நாணலாகவும் உருகி, வலமும் இடமும் ஒத்துப்போகாமல் ஓடும். அந்தக் காலத்தின் பெரிய கை, ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்து வெர்சாயில் பல ஆண்டுகள் உழைத்த ஜாக் வெர்பெர்க்ட். அரசரின் கட்டடக் கலைஞர் ஆன்ஷ்-ஜாக் கப்ரியேல் வகுத்த வரைபடங்களை மரத்தில் உயிர்ப்பித்தவர் அவர். பதினாறாம் லூயி காலத்தில் மீண்டும் நேர்கோடு திரும்புகிறது. ரூசோ என்ற செதுக்குக் கலைஞர் குடும்பத்தார் செதுக்கிய அறைகளில் ரிப்பனில் கட்டித் தொங்கவிட்ட கருவிகளும் மலர்ச்சரங்களும் நிறைந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் முந்தியது ஃபோன்தேன்ப்ளோ அரண்மனையில் முதலாம் பிரான்சுவா மன்னரின் நீண்ட கூடம். அங்கே 1530களில் பிரான்செஸ்கோ ஷிபெக் என்ற இத்தாலியத் தச்சர் செய்த அக்ரூட் மரப்பலகைகளில், மன்னரின் பெயரெழுத்தும் அவருடைய சின்னமான, பல்லிபோன்ற சாலமாண்டரும் இருக்கின்றன. மரத்தின் நிறம் அங்கே மறைக்கப்படவில்லை. ஆகவே பிரெஞ்சு என்றாலே வெள்ளையும் தங்கமும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதல் பலகைக்கு நான் பதினாறாம் லூயி காலத்து முறையையே பரிந்துரைக்கிறேன். வெர்பெர்க்ட் முறையின் வளைவுகள் பார்க்க இலகுவாகத் தோன்றினாலும், ஒரு வளைவு தடுமாறினால் பலகை முழுவதும் தடுமாறும்.

வரைபடம்

1788இல் பதினாறாம் லூயியின் உடைமாற்றும் அறைக்கு ரூசோ சகோதரர்கள் செதுக்கிய பலகைகளில், கடற்படை, வேளாண்மை, வணிகம், அறிவியல் ஆகியவற்றைக் குறிக்கும் கருவிகள் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்குகின்றன. மன்னரின் அறையில் உழவுக் கருவிகளுக்கு இடம் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, சொல்லப்படும் பொருளை மட்டும் நம் மண்ணிலிருந்து எடுக்கலாம். நான் செய்த பலகையில் பனையேறியின் பொருள்களைக் கட்டினேன்: பனையில் சாய்த்து ஏற உதவும் முருக்குத்தடி, காலில் மாட்டும் தளைநார், பாளை அரிவாள், பதனீர்க் குடுவை. கடற்கரை ஊர்க்காரர்கள் துடுப்பும் வலையும் தூண்டிலும் வைத்துக்கொள்ளலாம். தோவாளைக்காரர்களுக்குப் பூக்கூடையே போதும்.

கொத்தைக் கட்டும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நீளமான இரண்டு பொருள்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே சாய வேண்டும். என் பலகையில் அவை முருக்குத்தடியும் அரிவாளும். அவை சந்திக்கும் இடத்தில் கனமான உருண்டைப் பொருள் ஒன்று, அதாவது குடுவை, உட்கார வேண்டும். தளைநார் அவற்றைச் சுற்றி நெளிந்து இறங்க வேண்டும். எல்லாவற்றையும் மேலே ஒரு ரிப்பன் முடிச்சு தாங்க வேண்டும். அடியில் இரண்டு இலைக்கொத்துகள் வெளிப்பக்கமாக விரிந்து முடிய வேண்டும். பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால், எது முன்னால், எது பின்னால் என்பதை வரையும்போதே எண்ணிட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் உளியை எடுத்தால், பாதி வேலையில் குடுவைக்கு முன்னால் வர வேண்டிய நார் பின்னால் போய்விடும். வெட்டிய மரம் திரும்பி வராது.

வரைபடத்தை உண்மை அளவிலேயே வரைய வேண்டும். வெளிச்சட்டக் கோடுகளுக்குத் தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, ஒரு பாதியை வரைந்து, மறுபாதிக்கு ஒற்றி எடுங்கள். கொத்தை மட்டும் ஒற்றாமல் கையாலேயே வரையுங்கள். சட்டம் அச்சாக ஒத்திருந்து, அதற்குள் பொருள்கள் இயல்பாகச் சாய்ந்திருப்பதுதான் அந்தக் கால வேலையின் அழகு. வரைந்த தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, இரண்டு நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். கொத்து பலகையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் சுருக்கிவிடுங்கள்.

மரமும் சட்டமும்

வெர்சாய்ப் பலகைகள் ஓக் மரம். நமக்கு அது தேவையில்லை. சட்டத்துக்குத் தேக்கு அல்லது அயினி போதுமானது. இரண்டும் நம் ஈரக் காற்றைத் தாங்கும். பலகைக்கும் கொத்துக்கும் குமிழ் மரத்தையே நான் விரும்புகிறேன். இழை மென்மையானது, நிறம் வெளிறியது, காய்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. பலா மரமும் செதுக்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் மஞ்சள் நிறத்தை வெள்ளையால் மூடுவதற்கு மனம் வராது என்பதால், பூச்சில்லாத வேலைக்கே அதை ஒதுக்கிவைக்கிறேன். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; அறுத்த பலகையை, வேலை செய்யப்போகும் அறையிலேயே சில வாரங்கள் கட்டை வைத்து அடுக்கிக் காற்றாட விடுங்கள்.

பயிற்சிப் பலகைக்கு ஓர் அளவு சொல்கிறேன். வெளியளவு 120 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். சட்டக் கட்டைகள் 9 செ.மீ. அகலம், 30 மி.மீ. கனம். ஆகவே உள்திறப்பு 102 செ.மீ. உயரமும் 42 செ.மீ. அகலமும் கொண்டிருக்கும். சட்டத்தின் உள்விளிம்பு நெடுகிலும் 12 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க வேண்டும். நடுப்பலகை 22 மி.மீ. கனம், அதன் நான்கு ஓரங்களையும் பின்பக்கமாகச் செதுக்கி மெலிதாக்கி, காடிக்குள் இறுக்கமில்லாமல் நழுவும்படி செய்ய வேண்டும். அதன் அளவு 103.6 செ.மீ.க்கு 43.6 செ.மீ. அப்போது ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. காடிக்குள் போய், 4 மி.மீ. இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் இந்த வேலையின் உயிர்.

காரணம் இதுதான். மரம் நீளவாக்கில் பெரிதாக மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரத்துக்கு ஊதி, வறட்சிக்குச் சுருங்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நடுவில் மாசி, பங்குனி வெயிலும் உண்டு. நாற்பது செ.மீ. அகலப் பலகை ஆண்டுக்குள் இரண்டு முதல் நான்கு மி.மீ. வரை அசையும். பிரான்சிலும் குளிருக்கும் கணப்பு மூட்டும் வெப்பத்துக்கும் நடுவில் இதே சிக்கல்தான். ஆகவேதான் அங்கும் பலகையைச் சட்டத்துக்குள் ஒட்டாமல் மிதக்க விட்டார்கள். நான் முதன்முதலாக ஒரு வீட்டுக்குச் செய்த பலகையில், ஆட்டம் இருக்கக் கூடாது என்று நினைத்துக் காடி முழுவதும் பெவிக்கால் விட்டு இறுக்கினேன். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் சட்டத்தின் மூலை பிளந்தது. மழை விட்டு வெயில் ஏறியபோது, பலகையின் நடுவில், செதுக்கிய பூவைக் கடந்து மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியது. அதைப் பார்த்த மூத்த ஆசாரி ஒருவர், “மக்கா, பலகையைக் கட்டிப்போடாத லே, அதுக்கு மூச்சு விட எடம் வேணும்” என்றார். பலகையின் மேல் நடுவிலும் கீழ் நடுவிலும் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைக்கலாம். அப்போது பலகை நடுவில் நின்றபடி இரு பக்கமும் சமமாக அசையும்.

சட்டத்தின் மூலைகளைத் துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்குங்கள். இரும்பு ஆணி வேண்டாம். கடற்காற்று ஏறும் ஊரில் அது துருப்பிடித்து, வெள்ளைப் பூச்சின் மேல் பழுப்புக் கறையாக ஊறி வெளியே வரும்.

செதுக்குதல்

கொத்தைப் பலகையிலேயே செதுக்கி எடுப்பதும் உண்டு, தனியாகச் செதுக்கி ஒட்டுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் செய்தார்கள். பலகையிலேயே எடுக்க வேண்டுமானால், கொத்தைத் தவிர மற்ற வெளி முழுவதையும் சில மி.மீ. தாழ்த்தி, மட்டம் பிசகாமல் இழைக்க வேண்டும். முதல் பலகைக்கு அது வீண் துன்பம். 12 மி.மீ. குமிழ்ப் பலகையில் கொத்தைத் தனியாகச் செதுக்கி ஒட்டுங்கள். ஒட்டும்போது கொத்தின் இழையோட்டமும் பலகையின் இழையோட்டமும் ஒரே திசையில், மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். குறுக்காக ஒட்டினால் இரண்டும் இரண்டு திசையில் அசைந்து பிரிந்துவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். அகலமும் குறுகலுமாக இரண்டு தட்டை உளி, மேலோட்டமான குழிவுள்ள உளி இரண்டு, ஆழக் குழிவுள்ள சிறிய உளி ஒன்று, ‘வி’ வடிவ வாய் கொண்ட உளி ஒன்று, ஒரு கொட்டாப்புளி. கூர் மட்டும் குறையக் கூடாது. குமிழ் மென்மையான மரம் என்பதால் மழுங்கிய உளி அதை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இழை பூச்சின் ஈரம் பட்டதும் மீண்டும் எழுந்து நிற்கும்.

முதலில் வெளிக்கோட்டை வெட்டி எடுத்து, பெரிய மேடு பள்ளங்களை மட்டும் அமைக்க வேண்டும். குடுவை ஓர் உருண்டை, தடி ஓர் உருளை, அரிவாள் ஒரு தட்டு; அவ்வளவுதான். இந்த நிலையில் நரம்பும் வரியும் போட ஆசைப்படக் கூடாது. மேடுகள் அமைந்ததும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில், ஏறக்குறைய பலகையை ஒட்டியே பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்த வேலை, பக்க வெளிச்சத்தில் மாவு உருண்டைபோலத் தெரியும். எங்கே நிழல் விழவில்லையோ அங்கே பள்ளம் போதவில்லை என்று பொருள். சன்னலிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளிக்காகவே அந்த அரண்மனை வேலைகள் அமைந்தவை. ஆகவே இந்த டார்ச் சோதனையை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் செய்யுங்கள்.

அடியில் விரியும் இலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தவறுவது அங்கேதான். அது அகாந்தஸ் என்ற செடியின் இலை. தமிழகக் கழிமுகங்களில் வளரும் கழுதைமுள்ளி அதன் உறவுச்செடி. இலையின் விளிம்பு பல மடல்களாகப் பிரியும். இரண்டு மடல்கள் சந்திக்கும் இடத்தில், கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறிய குழி விழ வேண்டும். அதைக் ‘கண்’ என்று வைத்துக்கொள்வோம். ஆழக் குழிவுள்ள சிறிய உளியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு திருகு திருகினால் கண் விழுந்துவிடும். அந்தக் கண்ணிலிருந்து இலையின் அடிக்காம்பை நோக்கி ஒரு மேடு வரப்பாக இறங்கும். ஒரு மடலின் ஓரம் மற்றொரு மடலின்மேல் சற்றே ஏறி நிற்கும். எல்லா வரப்புகளும் அடியில் ஒரே புள்ளியை நோக்கிக் குவிய வேண்டும்; வழியிலேயே நின்றுவிட்டால் இலை செத்துவிடும். நுனி மட்டும் பார்ப்பவரை நோக்கி மடங்கி எழ வேண்டும், தவிட்டுப்புறா தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல. இந்த ஓர் இலையைக் கழிவு மரத்தில் பத்துமுறையாவது செதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பலகைக்கு வாருங்கள்.

கண்களையும் பள்ளங்களையும், மரத்தில் அழகாகத் தோன்றும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுங்கள். அடுத்து வரும் பூச்சு அவற்றைத் தூர்க்கும். உப்புத்தாளால் தேய்த்து எல்லா விளிம்பையும் மழுக்கிவிடவும் வேண்டாம்.

வெண்பூச்சு

பிரெஞ்சுப் பொன்வேலையில், மரத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில் சீமைச்சுண்ணாம்புப் பொடியும் தோல்பசையும் கலந்த வெண்பூச்சு பத்து, பன்னிரண்டு தடவை ஏறும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்குக்கு அடியில் மேடு எழுப்பும் பூச்சைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. நமக்கு வஜ்ரம் என்ற தோல்பசை கடையில் கிடைக்கும். ஒரு பங்கு வஜ்ரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, கொதிக்காமல் இளஞ்சூட்டில் கரையுங்கள். கொதித்தால் ஒட்டும் வலிமை போய்விடும். ஆறியபின் இளகிய ஜெல்லிபோல உறைகிறதா என்று பார்ப்பதுதான் பழைய சோதனை. நம் ஊர் வெக்கையில் அறையில் வைத்தால் அது உறையாது என்பதால், ஒரு கரண்டியை பிரிட்ஜில் வைத்துப் பாருங்கள்.

முதல் தடவை பசைநீரை மட்டும் சூடாகத் தடவி ஓர் இரவு விடுங்கள். பிறகு பொடியைப் பசையின்மேல் மெதுவாகத் தூவி, அது தானாக மூழ்கவிட்டு, குமிழி எழாமல் கலக்கி, நீர்த்த தோசைமாவு பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சைத் தூரிகையால் குத்திக் குத்தி ஏற்றினால் மரத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றவற்றை மெல்லியதாக இழுத்துவிடலாம். ஒவ்வொன்றும் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. மேலே போகப்போகப் பசையின் வலிமை குறையலாம், ஒருபோதும் அதிகரிக்கக் கூடாது. வலிமையான பூச்சு மெலிந்த பூச்சின்மேல் ஏறினால், காயும்போது இழுத்து உரித்துவிடும். அன்றன்று வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மறுநாள் வைத்தால் நாறும், பூஞ்சை பிடிக்கும். இந்தக் கட்டத்தையும் பொன்வேலையையும் தை முதல் பங்குனிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் பூச்சு காயவே காயாது.

பத்துப் பூச்சு ஏறியதும் உங்கள் செதுக்கு காணாமல் போயிருக்கும். இலை பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல மழுங்கித் தெரியும். மனம் தளர வேண்டாம். பிரெஞ்சுச் செதுக்கின் நுட்பமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. காய்ந்த வெண்பூச்சிலேயே, சிறிய கொக்கி முனைக் கருவிகளால், மீண்டும் செதுக்க வேண்டும். இலை நரம்பு, ரிப்பனின் மெல்லிய கோடு, வலைக்கண், நாரின் முறுக்கு எல்லாம் மரத்தில் அல்ல, இந்த வெண்பூச்சில் வெட்டப்படுபவை. மரத்தின் இழை தடுக்காத பொருள் என்பதால், தலைமுடி அளவு கோடும் முறியாமல் விழும். வெர்சாய்ச் செதுக்குகளைக் கிட்டத்தில் பார்க்கும்போது மரத்தில் இவ்வளவு நுண்மை எப்படி வந்தது என்று வியக்கிறோமே, அதற்கு விடை இதுதான். கருவிகளைக் கடையில் தேட வேண்டாம். உடைந்த ஹேக்சா பிளேடைக் கல்லில் தேய்த்து, நகம், கொக்கி, ஈட்டி என்று மூன்று வடிவங்கள் செய்துகொண்டால் போதும். ஈரத் துணியை விரலில் சுற்றி மேடுகளை மட்டும் வழித்துவிட்டால், பூச்சு பீங்கான்போல மின்னத் தொடங்கும்.

வெள்ளையும் பொன்னும்

வெற்றுவெளிக்கு உரிய வெள்ளையை அந்தக் காலத்தில் ஈய வெள்ளை கலந்து செய்தார்கள். ஈயம் நஞ்சு, அதைப் பின்பற்றக் கூடாது. நீர் கலந்து பூசும் மங்கலான வெள்ளை பெயிண்ட் போதும், பளபளப்பு மட்டும் வேண்டாம். வெள்ளைக்குள் ஒரு துளி நீலம் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நம் வீடுகளில் நீலம் கலப்பது எதற்காகவோ, அதற்காகவேதான் இங்கும். மஞ்சள் ஏறுவது தெரியாது.

பொன்னை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொத்துக்கும், பலகையைச் சுற்றி ஓடும் மெல்லிய வரப்புக்கும் மட்டும் பொன். சட்டத்துக்கும் வெளிக்கும் வெள்ளை. உண்மையான தங்க ரேக்கு விலை மிகுந்தது என்று பித்தளை ரேக்குக்குப் போகாதீர்கள். கடற்காற்றில் அது சில ஆண்டுகளுக்குள் கறுத்துப் பச்சைபிடிக்கும். பணம் போதவில்லையென்றால் பொன்னிடும் பரப்பைக் குறையுங்கள், பொருளைக் குறைக்காதீர்கள். வடசேரிக் கோயில் நகைக்காரர்களின் தொழிலிலும் தங்க ரேக்குக்கு இடம் உண்டு என்பதால், ரேக்கைக் கையாளும் கையைப் பார்த்துப் பழகுவதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

பொன்னிட வேண்டிய இடங்களில் முதலில் மெல்லிய மஞ்சள் பசைநீர் ஒரு தடவை பூசுங்கள். ஆழப் பள்ளத்தில் ரேக்கு எட்டாமல் போனாலும் அந்த மஞ்சள் அதை மறைக்கும். அதன்மேல் நன்றாக அரைத்துச் சலித்த செங்களிமண்ணைப் பசைநீரில் கலந்து, மேடுகளுக்கு மட்டும் இரண்டு மூன்று பூச்சு. காய்ந்ததும் பருத்தித் துணியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதங்களில், கதவிடுக்கில் வரும் காற்றுக்கே ரேக்கு பறந்துவிடும். அகலமான மென்மயிர்த் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவினால், அதில் ஒட்டும் இலேசான எண்ணெய்ப் பசையே ரேக்கைத் தூக்குவதற்குப் போதும். தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து செங்களிமண்ணை நனைத்து, அது ஊறிப்போவதற்குள் ரேக்கை அருகில் கொண்டுபோனால், தாவிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு ரேக்கின்மேல் அடுத்தது சற்றே ஏறியிருக்க வேண்டும். 80 மி.மீ. சதுரத்தில் 25 ரேக்குகள் கொண்ட ஒரு புத்தகம், கணக்குப்படி 1600 சதுர செ.மீ. மூட வேண்டும், மேடு பள்ளத்தில் அதில் பாதியைத்தான் எதிர்பார்க்கலாம்.

சில மணி நேரம் கழித்து, அகேட் கல் முனைகொண்ட மெருகுக்கோலின் பின்புறத்தால் பலகையை மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலித்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. கணீரென்று ஒலித்தால் மெருகிடலாம். காற்றின் ஈரத்தைப் பொறுத்து இந்த நேரம் மாறுவதால், கடிகாரத்தைவிடக் காதையே நம்புங்கள். குடுவையின் வயிறு, இலை நுனி, ரிப்பனின் மடிப்பு ஆகிய உயர்ந்த இடங்களை மட்டும் கண்ணாடிபோல மின்னும்வரை தேயுங்கள். பள்ளங்களை மங்கலாகவே விட்டுவிடுங்கள். ஒரே தங்கம் இரண்டு தங்கமாகத் தெரிவது இதனால்தான். எல்லாவற்றையும் மினுக்கிவிட்டால் செதுக்கின் ஆழம் போய்விடும். தங்க நிற பெயிண்ட் அடித்த வார்ப்பு வேலை எப்போதும் தட்டையாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

சுவரில் ஏற்றுதல்

பலகையைப் பூச்சுச் சுவரில் நேரடியாகப் பதிக்கக் கூடாது. சுவரில் 2 செ.மீ. கனமுள்ள கட்டைகளைக் கிடைமட்டமாக அடித்து, அவற்றின்மேல் பலகையை மாட்டினால் பின்னால் காற்று ஓடும். கட்டைகளுக்கும் பலகையின் முதுகுக்கும் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைத் தடவிக் காயவிட்டால் கறையான் அணுகாது. அதன்பின் முதுகுப்புறத்துக்கும் ஒரு பூச்சு பெயிண்ட் கொடுங்கள். முன்பக்கம் மட்டும் மூடியிருந்தால் ஈரம் பின்வழியாகவே ஏறி இறங்கிப் பலகையை வளைக்கும். சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரைவிட, பக்கத்துச் சுவரே இதற்கு ஏற்ற இடம். மாலை வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும்.

கடைசியாக, வீட்டைத் துடைப்பவரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். பண்டிகைக்கு வீடு துடைக்கும் ஈரத் துணி இந்தப் பலகையின் பொன்மீது படவே கூடாது. தண்ணீரால் ஒட்டிய தங்கம் தண்ணீராலேயே கரைந்து வரும். மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிட்டால் போதும்.